எண்ணெய்க் கலயமும் வீட்டுக் கடனும்



வேதாகமத்தில், அரசர்கள் இரண்டாம் ஆகமம் 4-ஆம் அதிகாரத்தில், ஓர் ஏழைக் கைம்பெண்ணின் சரித்திரத்தை வாசிக்கிறோம். அவளுடைய புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், தேவபயம் உள்ளவன். ஆயினும் அவன் கடனை வைத்துவிட்டு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் வந்து, அவளுடைய இரண்டு ஆண் பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகப் பார்க்கிறான். அவள் எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஓடிச் சென்று முறையிடுகிறாள்.

தீர்க்கதரிசி தம்முடைய மடியிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. கடன் கொடுத்தவனைச் சபிக்கவும் இல்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள் அவள். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை நிறைய இரவல் வாங்கி வந்து, பிள்ளைகளோடு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெயை வார்க்கும்படி கட்டளையிடுகிறார். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க, தாய் வார்க்கிறாள். கடைசிப் பாத்திரம் நிரம்பியதும் எண்ணெய் நின்றுவிட்டது. அப்போதும் அவள் நேரே சந்தைக்கு ஓடவில்லை. தீர்க்கதரிசியிடம் திரும்பி வந்து சொல்லுகிறாள். அந்த எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்க்கவும், மீதியைக் கொண்டு பிள்ளைகளோடு ஜீவிக்கவும் அவர் சொல்லியனுப்புகிறார்.

இந்தப் பழைய சரித்திரத்தை இன்றைக்கு எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர்களில் கூரை வீடும் ஓட்டு வீடும் மாறி, ஒட்டு வீடும் மாடி வீடும் எழும்பியிருக்கின்றன. பிள்ளைகள் மழையில் நனையாமல் படுத்துறங்குவதைக் கண்டு நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்த வீடுகளில் அநேகம் வங்கியின் ஈட்டில் இருக்கின்றன. பத்திரம் வங்கிப் பெட்டியில். தவணை வீட்டுக்காரன் தலையில். அறுவடைப் பணம் வந்தபோது, சீட்டு விழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்து மகன் பணம் அனுப்பியபோது, “சாமி, கையில் கொஞ்சம் இருக்கிறது, வீட்டுக் கடனை முன்னதாகவே அடைத்துவிடலாமா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடைக்கலாம். அடைப்பது நல்லது. ஆனால் தீர்க்கதரிசி சொன்ன வரிசையில் அடைக்க வேண்டும். கடனைத் தீர்ப்பது, மீதியில் ஜீவிப்பது என்று அந்தக் கட்டளையில் இரண்டு பாகம் உண்டு. முதல் பாகத்தைச் செய்து இரண்டாவதைக் கெடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இரண்டாவதையே பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்த குடும்பங்களும் உண்டு.

கடனைத் தீர்ப்பது தர்மம் அல்ல, நீதி. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறவன் யாருக்கும் உபகாரம் செய்யவில்லை. பிறனுக்கு உரியதை அவனிடம் சேர்க்கிறான். ஏழாம் கட்டளை களவு செய்யாதே என்பதோடு முடிந்துவிடுகிறதில்லை. கொடுக்கக் கூடியவனாயிருந்தும் கொடுக்காமல் இழுத்தடிப்பதும் அந்தக் கட்டளைக்கு விரோதமே. அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்திலும், ஒருவரையொருவர் நேசிக்கும் கடனைத் தவிர வேறு கடன் நம்மேல் நிற்கலாகாது என்று புத்தி சொல்லுகிறார்.

அதே சமயம், கடன் வாங்கினவனைப் பாவி என்று திருச்சபை தள்ளியதில்லை. 1462-ஆம் வருஷம் இத்தாலி தேசத்துப் பெரூஜியா நகரில், பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளின் பிரசங்கத்தின் பயனாக, ஏழைகளுக்கென்று ஓர் அடகு நிதி ஏற்பட்டது. கொடிய வட்டிக்காரரிடம் சிக்கின ஜனங்கள் அங்கே ஒரு பொருளை ஈடு வைத்துச் சொற்பச் செலவில் பணம் பெறலாம். அது போன்ற நிதிகள் மற்ற நகரங்களுக்கும் பரவின. நிதியை நடத்தும் செலவுக்காக அற்ப வட்டி வாங்குவது குற்றமா என்ற தர்க்கம் எழுந்தபோது, 1515-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் பத்தாம் சிங்கராயர் (லியோ) பாப்பானவர், அது குற்றமல்ல என்று தீர்மானித்தார். ஆகவே நியாயமான கடன் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தவும் கூடும். அது எப்போது தூக்குகிறது, எப்போது அழுத்துகிறது என்று அறியும் விவேகம்தான் நமக்கு வேண்டும். அந்த விவேகத்தைக் கைம்பெண்ணின் சரித்திரத்திலிருந்து மூன்று பாடங்களாகக் கற்போம்.

முதலாவது: உன் வீட்டில் என்ன இருக்கிறது?

அற்புதம் நடப்பதற்கு முன் கணக்குக் கேட்கப்பட்டது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நமது ஆண்டவரும் லூக்காஸ் சுவிசேஷத்தில் சொல்லவில்லையா? ஆனால் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? மாதம் எவ்வளவு தவணை என்று கேட்டால் உடனே சொல்வோம். அதில் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்று கேட்டால் விழிக்கிறோம்.

ஓர் உதாரணத்தைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். 15 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். வருஷத்துக்கு நூற்றுக்கு 9 வட்டி. 20 வருஷத் தவணை. மாதம் கட்ட வேண்டியது ஏறக்குறைய 13,496 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற அந்தப் பணத்தில் 11,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 2,246 ரூபாய்தான். முதல் வருஷம் முழுவதும் 1 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் அளவில் கட்டியும், அசல் 28 ஆயிரம் போலத்தான் குறைந்திருக்கும். 20 வருஷமும் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 17 லட்சத்து 39 ஆயிரம்; அதாவது வாங்கின அசலையும் மிஞ்சிவிடுகிறது.

இதே கடனில், முதல் வருஷ முடிவில் 50,000 ரூபாயை அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைத்துக்கொண்டால், கடைசியில் 19 மாதத் தவணை கழிந்துபோகும். வட்டியில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அதே 50,000 ரூபாயைப் 15-ஆம் வருஷ முடிவில் கட்டினால் ஆறு மாதத் தவணைகூட முழுதாகக் கழியாது. மிச்சம் 27 ஆயிரம் அளவே. ஒரே பணம்தான். விதையைப் பருவத்தில் போட்டதற்கும் பருவம் தப்பிப் போட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை உழுது பிழைக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொத்தமாகப் பணம் வராதவர்கள் மனம் தளர வேண்டாம். இந்தக் கடனில் முதல் மாதத்திலிருந்தே தவணையோடு 1,000 ரூபாய் கூட்டிக் கட்டி வந்தால், 20 வருஷக் கடன் ஏறக்குறைய 16 வருஷம் 8 மாதத்தில் தீர்ந்துவிடும். 3 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய் அளவுக்கு வட்டி மிச்சமாகும். அந்த ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? பிள்ளையின் பாலிலிருந்தும் பள்ளிக்கூடச் சம்பளத்திலிருந்தும் வரலாகாது. வாரத்தில் இரண்டு மாலை டாஸ்மாக் கடையில் இறைக்கிற பணம் மாதம் ஆயிரத்தைத் தாண்டும் என்பது அங்கே போகிறவர்களுக்கே தெரியும். அந்தக் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு, வீட்டில் எண்ணெய் இல்லை என்று சர்வேசுரனிடம் முறையிடுவது நியாயமா?

இரண்டாவது: கதவைச் சாத்திக்கொள்.

தீர்க்கதரிசி ஏன் கதவைச் சாத்தச் சொன்னார்? வேதசாஸ்திரிகள் பல அர்த்தம் சொல்லலாம். குடும்பஸ்தர்களாகிய உங்களுக்கு நான் இரண்டு அர்த்தம் சொல்லுகிறேன். கதவுக்கு வெளியே வீண் பெருமை வேண்டாம். கதவுக்கு உள்ளே ஒளிவு மறைவு வேண்டாம்.

வெளியே வீண் பெருமை எப்படி வருகிறது? வீட்டுக் கடன் நிற்கும்போதே காதுகுத்துக்கு ஊரை அழைக்கிறோம்; சடங்குக்குப் பந்தல் போடுகிறோம்; கலியாணத்துக்கு வட்டிக்கு வாங்குகிறோம். இதோடு இன்னொன்றையும் உங்கள் பங்குக் குருவாயிருந்தே சொல்லுகிறேன். திருவிழா வரிக்காகவும், தேர் அலங்காரத்துக்காகவும், அன்னதானத்துக்காகவும் ஒருவரும் வட்டிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிறனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எடுத்துக் காணிக்கை வைப்பது புண்ணியம் ஆகாது. நீதி முந்தினது, தாராளம் பிந்தினது. ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசையும் ஆண்டவர் புகழ்ந்தார் என்பது மெய்தான். அவள் போட்டது தன்னுடைய காசு.

உள்ளே ஒளிவு மறைவு எப்படி வருகிறது? புருஷன் வாங்குகிற சம்பளம் மனைவிக்குத் தெரியாது. மனைவி வாரத் தவணைக்குக் குழுவில் வாங்கின கடன் புருஷனுக்குத் தெரியாது. அவன் வெளிநாட்டில் வெயிலில் வெந்து அனுப்புகிற பணத்தை அப்படியே வீட்டுக் கடனில் கட்டச் சொல்லுகிறான். இங்கே அரிசிக்கும் மருந்துக்கும் போதாமல் அவள் நகையை அடகுக் கடையில் வைக்கிறாள். அதைச் சொல்லவும் பயப்படுகிறாள். அவன் ஒரு பக்கம் நூற்றுக்கு வருஷம் 9 வட்டிக் கடனை அடைக்கிறான். அவள் மறுபக்கம் நூற்றுக்கு மாதம் 3 வட்டி, அதாவது வருஷத்துக்கு 36 வட்டிக்கு வாங்குகிறாள். கடன் குறைந்ததா, கூடினதா? இருவரும் நல்லவர்கள், இருவரும் குடும்பத்துக்காகவே பாடுபடுகிறார்கள். ஆனால் ஒரு கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு இரண்டு கணக்கு எழுதுகிறார்கள்.

கைம்பெண்ணின் பிள்ளைகளைக் கவனியுங்கள். தங்களையே விலையாகக் கேட்ட கடனை அடைக்க, பாத்திரம் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்களே. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டின் நிலைமையைப் பயமுறுத்தாமல் சொன்னால், அது புது செல்போன் கேட்டு அழாது. தானும் ஒரு பாத்திரம் தூக்கும்.

இங்கே அயலாரின் பாத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்தில் மொய் விருந்து களைகட்டுவதை அறிவீர்கள். கறி விருந்து வைத்து, வந்தவர்கள் செய்கிற மொய்யை நோட்டில் எழுதி, அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கினதோடு மேலும் சேர்த்துச் செய்கிற வழக்கம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் விருந்து வைப்பார். வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல், ஊரே சேர்ந்து ஒருவனைக் கைதூக்கிவிட நம் முன்னோர் கண்ட வழி அது. கடன் அடைந்து, வீடு கட்டி, பிள்ளைகள் படித்துத் தலையெடுத்த குடும்பங்கள் அநேகம் உண்டு. நல்ல வழிதான். ஆனால் எலிசேயு சொன்ன பாத்திரங்கள் இரவல் பாத்திரங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியவை.

மொய்யில் 5 லட்சம் வந்தது, வங்கிக் கடனை அடைத்துவிட்டேன், இனி எனக்குக் கடனே இல்லை என்று ஒருவன் சொன்னால், அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். வட்டி ஓடுகிற கடனை நிறுத்தினான். அந்த மட்டும் சரி. ஆனால் அந்த 5 லட்சமும் நூறு வீட்டு நோட்டுகளில் அவன் பேரால் நிற்கிறது. அது கேட்டு வருகிற நாளை அவன் குறிக்க முடியாது. ஆடி, ஆவணியில் ஒரே வாரத்தில் பத்து அழைப்பிதழும் வரும். ஆகையால் மொய்யைக் கொண்டு வீட்டுக் கடனை அடைக்கிறவர், அன்றைக்கே மொய் நோட்டைக் குடும்பக் கணக்கில் சேர்த்து எழுதட்டும். 5 லட்சம் வாங்கியிருந்தால், ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒரு லட்சமாவது அதற்கென்று ஒதுக்கட்டும். பத்திரம் எழுதாத கடனும் மனச்சாட்சியின் முன் கடனே.

மூன்றாவது: கடனைத் தீர், மீதியில் பிழை.

எந்தக் கடனை முதலில் தீர்ப்பது? வீட்டுக் கடன் பெரிதாகக் கண்ணில் படுகிறது. அதனால் அதன் மேலேயே பாய்கிறோம். உண்மையில் அது பெரிய கடனே தவிர, கொடிய கடன் அல்ல. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மாதம் மூன்றும் ஐந்தும் வட்டி என்று வாங்கினதுதான் கொடியது. அது முதலில் ஒழிய வேண்டும். அநியாய வட்டி வாங்குவதை நம் மாநிலத்தில் 2003-ஆம் வருஷச் சட்டமே குற்றமென்று தடை செய்திருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து பிள்ளைகளை ஆலைக்கு அனுப்புகிறவர்கள், அந்த அடிமைத்தனத்துக்கு உடன்பட வேண்டியதில்லை. என்னிடமோ, நம்பத்தக்க பெரியவர்களிடமோ வந்து சொல்லுங்கள். அதிகாரிகளிடம் மனுக் கொடுக்க வழி உண்டு. அடுத்தது அடகில் இருக்கும் நகை. அதற்கு அடுத்தது வீட்டுக் கடன்.

ஆனால் வீட்டுக் கடனில் கூடுதலாக ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன், குறைந்தது மூன்று மாதச் செலவுக்கும் தவணைக்கும் ஆகிற பணம் வங்கியிலோ தபால் ஆபீசிலோ உங்கள் பேரில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் நம் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் செய்ததை மறந்தீர்களா? பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தென்னம்பிள்ளை மறுபடியும் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். தவணை அடுத்த மாதமே வந்து நின்றது. கையில் இருந்ததை எல்லாம் துடைத்து வங்கியில் கட்டிவிட்டவன், அப்படிப்பட்ட நாளில் அதே வங்கியில் போய்க் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. வட்டிக்காரனிடம்தான் போக வேண்டும்.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் சர்வேசுரன் ஒரு கட்டளை கொடுத்தார்: ஏழையின் திரிகைக் கல்லை யாரும் ஈடாக வாங்கக் கூடாது. ஏனெனில் அது அவனுடைய உயிர். அதில் மாவரைத்தே அவன் வீடு சாப்பிடுகிறது. கடன் கொடுத்தவனே தொடக்கூடாத பொருளை நாமே எடுத்துக் கொடுக்கலாமா? கறவை மாட்டை விற்றும், தையல் இயந்திரத்தை விற்றும், மகளின் கல்லூரிப் படிப்பை நிறுத்தியும் கடனை முன்கூட்டி அடைக்கிறவன், திரிகைக் கல்லை விற்றவன் ஆகிறான். கைம்பெண் எண்ணெயை விற்றாள்; பிள்ளைகளை விற்கவில்லை. கலயத்தையும் விற்றதாக எழுதியிருக்கவில்லை.

இவ்வளவும் ஒழுங்கு செய்த பின், பணம் மிஞ்சுமானால் தயங்காமல் கட்டுங்கள். சில காரியங்களை மனதில் வையுங்கள். வட்டி ஏறி இறங்குகிற முறையில் தனி மனிதர் வாங்கின வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் உத்தரவிட்டிருக்கிறது. மாறாத வட்டிக் கடனானால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கூடுதல் பணம் கட்டும்போது, அது அசலில் வரவு வைக்கப்பட வேண்டும், தவணைக் காலம் குறைக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். கடன் முழுவதும் தீர்ந்தால், 30 நாளைக்குள் உங்கள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. பத்திரம் கைக்கு வந்தது என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஈடு பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தீர்ந்த கடன் நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு முன் தீராத கடனாக நிற்கும்.

பிரியமான கிறிஸ்தவர்களே, கைம்பெண்ணின் புருஷன் நல்லவன் என்று வேதாகமமே சாட்சி சொல்லுகிறது. ஆனால் அவன் நற்குணம் அவன் பிள்ளைகளை அடிமைத்தனத்திலிருந்து காப்பாற்றவில்லை. நாமும் செபம் செய்கிறோம், பூசை காண்கிறோம், பிள்ளைகளை நேசிக்கிறோம். அந்த நேசம் கணக்கு நோட்டிலும் தெரிய வேண்டும். கடனில்லாத வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது பெரிய ஆஸ்திதான். படிப்பு நிற்காமல், வயிறு காயாமல், தாயும் தகப்பனும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லாமல் அந்தக் கடன் தீர்ந்தது என்ற நினைவையும் சேர்த்து விட்டுச் செல்வது அதைவிடப் பெரிய ஆஸ்தி.

இந்த வாரத்துக்கு ஒரு தீர்மானம். வரும் சனிக்கிழமை இரவு, செபமாலை முடிந்ததும், புருஷனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோட்டை எடுங்கள். ஒரு பக்கத்தில் வீட்டில் உள்ளதை எழுதுங்கள். மறுபக்கத்தில் வங்கி, அடகு, குழு, சீட்டு, மொய், கைமாற்று என்று எல்லாக் கடனையும் அதன் வட்டியோடு எழுதுங்கள். மறைத்திருந்ததை எவராவது அன்று வெளிப்படுத்தினால், மற்றவர் கோபிக்க வேண்டாம். கணக்கை ஒப்புக்கொண்ட வாயை அடைத்துவிட்டால், அது இரண்டாம் முறை திறக்காது.

நாசரேத்தூரில் தச்சு வேலை செய்து திருக்குடும்பத்தைக் காப்பாற்றின அர்ச். சூசையப்பர், நம் குடும்பங்களின் வரவிலும் செலவிலும் துணையாயிருப்பாராக. சேசுநாதரையும் தேவமாதாவையும் நிந்தையின்றி வாழ வைத்த அந்தப் பிதா, நம் வீடுகளையும் கடனிலிருந்தும் கலகத்திலிருந்தும் காத்தருள மன்றாடுவாராக.

ஆமென்.